"பார்ப்போம்" என்பவர்களுக்கும் "பரவாயில்லை" என்பவர்களுக்கும்

கட்டுகஸ்தோட்டையில் வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கும், அந்த வீடுகளில் குடியிருப்பவர்களுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும். ஆயுபோவன். மூன்றையும் எழுதக் காரணம் உண்டு. வீட்டுக்காரர் ஒரு மொழி, வாடகைக்கு இருப்பவர் ஒரு மொழி, கூரையில் ஏற வரும் பாஸ் இன்னொரு மொழி பேசுவது நம்மூரில் வழமை. ஆனால் இரண்டு சொற்கள் மட்டும் எல்லா மொழியிலும் ஒரே பொருளில் புழங்குகின்றன. பழுது பற்றிக் கேள்விப்பட்டதும் வீட்டுக்காரர் சொல்வது "பார்ப்போம்." பழுதைக் கண்டதும் வாடகைக்காரர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது "பரவாயில்லை." நம் வீடுகளைக் கறையானைவிட அதிகமாகத் தின்றிருப்பவை இந்த இரண்டும்தான்.

நான் இந்த ஊரில் பத்தொன்பது வருடமாக வாடகைக்கு இருப்பவன். முதலில் ஆற்றோரம், பிறகு குருநாகல் வீதி, இப்போது மேட்டுப் பக்கம். மாத்தளையில் அப்பா விட்டுப்போன சின்ன வீட்டை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்குக் கொடுத்தும் இருக்கிறேன். ஏ-9 வீதியில் இங்கே வாடகை கொடுத்து, இருபது கிலோமீற்றர் தள்ளி வாடகை வாங்குகிறேன். ஆகவே இரண்டு பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும், இரண்டு பக்கத்துக் கள்ளமும் தெரியும்.

முதலில் என் கள்ளம்.

குருநாகல் வீதி வீட்டில் சமையலறைக்கு மேலே ஒரு பலாமரம் சாய்ந்து நின்றது. அதன் இலை விழுந்து பீலி அடைத்துக்கொண்டது. ஐப்பசி மழை தொடங்கியதும் பீலியில் நிரம்பிய தண்ணீர் வெளியே வழியாமல் உள்பக்கம் திரும்பி, சீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இறங்கியது. முதலில் சீலிங்கில் தேநீர்க் கறை மாதிரி ஒரு வட்டம். பிறகு சொட்டு. நான் ஒரு பால்மா டின்னைக் கீழே வைத்தேன். "ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றாள் மனைவி. நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதுதான் இந்த மடலின் விஷயமே. அதற்கு முந்திய வருடம் தண்ணீர் மோட்டர் எரிந்துபோனது. சொன்னேன். நாலாம் நாள் புது மோட்டர் வந்தது, குறை சொல்ல முடியாது. அடுத்த மாதம் வாடகை கொடுக்கப் போனபோது இரண்டாயிரம் ரூபா கூடியிருந்தது. "சாமான் விலை தெரியும்தானே தம்பி" என்றார். தெரியும்தான். அன்று நான் படித்துக்கொண்டது என்னவென்றால், இந்த வீட்டில் பழுது சொன்னால் வாடகை கூடும் என்பது. ஆகவே டின்னுக்குப் பதில் வாளி வைத்தேன். இரவில் இரண்டு தரம் எழும்பி ஊற்றினேன். கார்த்திகை போய் மார்கழியும் முடிய வந்தது. தைப்பொங்கலுக்கு நாலு நாள் இருக்கையில், ஒரு மத்தியானம் சீலிங் பலகை இரண்டு கழன்று கேஸ் அடுப்பின்மேல் விழுந்தது. நல்லவேளை, அடுப்படியில் யாரும் இல்லை. பாஸ் ஏறிப் பார்த்துவிட்டுக் கைமரத்தைக் கையால் பிடித்தார். பிட்டு மாதிரி உதிர்ந்தது. நாலு கைமரம், ஆறு சீட், சீலிங் முழுக்க, சுவர்ப்பூச்சு ஒரு பக்கம் எல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. ஐப்பசியில் ஏணி வைத்துப் பீலியைத் துப்புரவு செய்திருந்தால் அரைநாள் கூலியோடு முடிந்திருக்கும்.

"ஏன் தம்பி முதலே சொல்லல்ல?" என்று சத்தம் போட்டார் வீட்டுக்காரர். நியாயமான கேள்வி. "சொன்னா வாடகை கூட்டுவீங்களே" என்பதும் நியாயமான பதில்தான். அதை நான் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

இனி மற்றப் பக்கம். சென்ற வருடம் மாத்தளை வீட்டில் இருக்கும் தம்பி தொலைபேசியில், "அண்ணே, டேங்க்கில பால்வால்வு போயிட்டுது, தண்ணி வழியுது" என்றார். நான் அப்போது பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். என் வாயிலிருந்து யோசனையே இல்லாமல் ஒரு சொல் வந்தது: "பார்ப்போம்." சொல்லிவிட்டுத் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் உடனே போகவில்லை. இரண்டு மாதம் போயிற்று. அந்தத் தம்பி இரவில் கேட்வால்வைப் பூட்டி, காலையில் திறந்து சமாளித்திருக்கிறார். மறந்துபோன இரவுகளில் தண்ணீர் ஓடியிருக்கிறது. நீர் வழங்கல் சபையின் கட்டணம் எப்படிப்பட்டதென்று உங்களுக்குத் தெரியும். அலகு கூடக்கூட ஒவ்வோர் அலகின் விலையும் கூடும். வழிந்த தண்ணீருக்கு அவர் பில் கட்டினார். வால்வின் விலை அந்தப் பில்லில் பாதிகூட இல்லை.

இந்த இரண்டு கதையிலும் யார் எதைத் திருத்த வேண்டும் என்பதில் சந்தேகம் இருந்ததா? கூரை வீட்டுக்காரருடையது, டேங்க் வீட்டுக்காரருடையது. சண்டை பிடிக்க அதில் ஒன்றுமில்லை. கெட்டுப்போனது இடையில் கழிந்த நாட்களில்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்கிறேன். நம் நாட்டில் வாடகை விவகாரத்துக்குப் பின்னால் நிற்பது ரோமன்-டச்சுச் சட்டம். ஒல்லாந்தர் கண்டியை நிலையாகப் பிடித்ததே இல்லை. 1765இல் வந்து பார்த்தார்கள், நிற்க முடியாமல் திரும்பினார்கள். ஆட்கள் வந்து முடியாததை அவர்களுடைய சட்டம் முடித்தது. கண்டியச் சட்டம் பேசாத விடயங்களில் கரையோர மாகாணங்களின் சட்டம் இங்கும் செல்லும் என்று ஆங்கிலேயர் 1852இல் கட்டளைச் சட்டம் போட்டார்கள். ரோமன்-டச்சுச் சட்டப்படி, வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் ஒப்படைப்பதும் வாடகைக் காலம் முழுக்க அந்த நிலையில் வைத்திருப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு. பொறுப்புள்ள ஒரு குடும்பக்காரர் போலக் கவனமாகப் புழங்கி, சாதாரணத் தேய்மானம் போக, வாங்கியபடி திருப்பிக் கொடுப்பது வாடகைக்காரர் பொறுப்பு. வேறுவிதமாக இருவரும் எழுதிக்கொண்டால் அந்த எழுத்துச் செல்லும்.

ஆனால் நாம் எழுதுகிறோமா? எழுதினாலும் எப்படி எழுதுகிறோம்? கடையில் வாங்கிய படிவத்தில் பெயரை நிரப்பி, முத்திரை ஒட்டி, கையெழுத்துப் போட்டு, "இரண்டு வருட அக்ரிமெண்ட்" என்று அலுமாரிக்குள் வைக்கிறோம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அது இன்றும் நடைமுறையில் உள்ள சட்டம். அப்படி எழுதாவிட்டால், நீங்கள் நினைக்கும் இரண்டு வருடம் சட்டத்தின் கண்ணில் மாதவாடகையாகவே நிற்கும். வீட்டுக்காரருக்கும் இது ஆபத்து, வாடகைக்காரருக்கும் ஆபத்து. நொத்தாரிசுக் கூலியை மிச்சம் பிடித்தவர்கள் பிறகு சட்டத்தரணிக்குக் கொடுத்ததை நான் கண்டிருக்கிறேன்.

"வாடகைச் சபைக்குப் போவேன்" என்று மிரட்டும் வழக்கமும் இங்கே உண்டு. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தை மனதில் வைத்துச் சொல்வது அது. 1980இல் வந்த திருத்தம், அந்த வருடம் ஜனவரி 1க்குப் பின் கட்டி முடித்து வாடகைக்குக் கொடுத்த வீடுகளை அதிலிருந்து வெளியே எடுத்துவிட்டது. கட்டுகஸ்தோட்டையின் சிலாப் வீடுகளும் மாடி அனெக்ஸ்களும் எந்தக் காலத்துக் கட்டடங்கள் என்று நான் சொல்லவா வேண்டும்? அந்தப் பழைய சட்டத்திலும் ஒன்று கவனிக்கத்தக்கது. வாடகைக்காரரின் கவனக்குறைவால் வீடு சீரழிந்தால், அவரை எழுப்ப அதுவே ஒரு காரணம். வாளி வைத்துக்கொண்டு மூன்று மாதம் பேசாமல் இருந்த என்னைப் போன்றவர்கள் நீதிமன்றத்தில் என்ன சொல்ல முடியும்?

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு பட்டியலே போட்டுவிட்டார்கள். 2017இல் இயற்றி 2019 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின் அட்டவணையில் அது இருக்கிறது. கட்டடத்தின் அமைப்பு, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் மாற்றுவது, வயரிங் ஆகியவை வீட்டுக்காரருக்கு. டெப்புக்கு வாஷர், வாய்க்கால் துப்புரவு, சுவிட்ச், பிளக், பூட்டு, கண்ணாடி, தோட்டம் ஆகியவை வாடகைக்காரருக்கு. ஈ வலைகூட விடவில்லை. இந்திய மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. வீட்டுக்காரர் செய்ய மறுத்தால் வாடகைக்காரரே திருத்திவிட்டுச் செலவை வாடகையில் கழிக்கலாம், ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. இந்தப் பாதி என்ற கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ஒருவரும் ஒரேயடியாக அடிபடமாட்டார்.

லண்டனில் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரர்கள் நம்மூரில் அநேகர். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இங்கிலாந்தின் ரொச்டேல் நகரத்தில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. வாடகை வீட்டுச் சுவரில் படர்ந்த பூஞ்சணத்தைத் தொடர்ந்து சுவாசித்ததே காரணம் என்று மரண விசாரணையில் தீர்ப்பானது. பெற்றோர் முறையிட்டிருந்தார்கள், சுவர் அப்படியே இருந்தது. அந்தப் பிள்ளையின் பெயரால் ஒரு சட்டம் வந்து, 2025 ஒக்டோபர் 27 முதல் அங்கே சமூகக் குடியிருப்புகளில் அவசர ஆபத்தென்றால் 24 மணித்தியாலத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றாகியிருக்கிறது. சட்டம் கடிகாரத்தைக் கையில் எடுத்திருக்கிறது. நமக்கு இப்படியொரு சட்டம் எப்போது வரும் என்று காத்திருக்கத் தேவையில்லை. இரண்டு பேர் ஒரு தாளில் எழுதிக்கொண்டால் போதும்.

பூஞ்சணம் என்றதும் நம்மூர்ச் சண்டை ஞாபகம் வருகிறது. பொல்கொல்ல அணைக்கு மேலே மகாவலி தேங்கி நிற்கும் ஊர் இது. என் முதல் வீட்டில் காலை எட்டு மணி வரை ஜன்னலில் பனி நிற்கும், செருப்பில்கூடப் பச்சை பிடிக்கும். சுவரில் கறுப்பு விழுந்தால், "ஜன்னலைத் திறக்கிறதே இல்லை, உடுப்பை வீட்டுக்குள்ளே காயப்போடுகிறீர்கள்" என்பார் வீட்டுக்காரர். "சுவரே ஈரம்" என்பார் வாடகைக்காரர். மழைக்காலத்தில் இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். எனக்கு ஒரு பாஸ் சொல்லித்தந்த கணக்கு இது. கறை தரையிலிருந்து மேலே ஏறினால், அல்லது கூரையோரத்திலிருந்து கீழே இறங்கினால், அது கட்டடத்தின் கோளாறு, வீட்டுக்காரர் பார்க்க வேண்டும். அலுமாரிக்குப் பின்னாலும் காற்றுப் போகாத மூலையிலும் மட்டும் புள்ளிபுள்ளியாக வந்தால் அது புழக்கத்தின் கோளாறு. அலுமாரியை ஒரு சாண் தள்ளிவையுங்கள், ஜன்னலைத் திறவுங்கள். நூற்றுக்கு நூறு சரியில்லை, ஆனால் பாதிச் சண்டை இதில் தீர்ந்துவிடும்.

மோட்டர் வீட்டுக்காரருடையது. கிணற்றில் தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டு எரித்தால் வாடகைக்காரருடையது. பல்ப், வாஷர், கொமட் மூடி இவற்றுக்கெல்லாம் வீட்டுக்காரரை அழைப்பது வெட்கக்கேடு, நீங்களே மாற்றுங்கள். ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்தால் முதலில் உங்கள் கேத்தலையும் அயனையும் கழற்றிப் பாருங்கள். எல்லாம் கழற்றிய பிறகும் விழுந்தால் அது வயரிங், அன்றைக்கே சொல்லுங்கள். வீட்டுக்காரரும் "பார்ப்போம்" சொல்ல இடமில்லாத விஷயம் அது. கழிவுக்குழி நிரம்பிக் கலி பவுசர் அழைக்கும் செலவு யாருடையது என்பதில் மட்டும் எனக்கென்று ஒரு தீர்ப்பு உண்டு: வந்து ஆறு மாதத்துக்குள் நிரம்பினால் வீட்டுக்காரர் கொடுக்கட்டும், அது முந்தியவர் விட்டுப்போன சொத்து. அதற்குப் பிறகு நிரம்பினால், நிரப்பியவர் யாரென்று எல்லாருக்கும் தெரியும்.

மேட்டுப் பக்கத்து வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தில் என்ன செய்தது என்பதை எழுத எனக்கு மனம் இல்லை. மண் இறங்கிய சத்தம் காதில் கிடக்கிறது. வீட்டுக்குப் பின்னால் மண்ணைத் தாங்கி நிற்கும் அணைச்சுவர் வீட்டுக்காரருடையது, இதில் பேச்சே இல்லை. ஆனால் அந்தச் சுவரைத் தினமும் பார்ப்பவர் வாடகைக்காரர். சுவரில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகளைச் சீமெந்து வைத்தோ பழந்துணி வைத்தோ அடைக்காதீர்கள். முற்றம் சகதியாகிறது என்று அடைத்த ஒரு வீட்டை நான் பார்த்திருக்கிறேன். மேல்வடிகானில் குப்பை நிற்க விடாதீர்கள். தரையில் புது வெடிப்பு, சாயும் மரம், இல்லாத இடத்தில் திடீரென்று கலங்கிய ஊற்று இவை கண்டால் யார் செலவு என்ற பேச்சே வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். பிறகு வீட்டுக்காரருக்கும் கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர்களே, உங்களோடு கொஞ்சம் கதைக்க வேண்டும். டோஹாவிலோ டொரண்டோவிலோ இருந்துகொண்டு இங்கே மச்சானிடம் திறப்பைக் கொடுத்திருக்கிறீர்கள். மச்சான் மாதம் ஒருதரம் வந்து வாடகை வாங்குவார், தேநீர் குடிப்பார், பழுதைக் காட்டினால் "அவரிடம் சொல்கிறேன்" என்பார். அவருக்கு வாங்கும் அதிகாரம் உண்டு, கொடுக்கும் அதிகாரம் இல்லை. நீங்கள் இரவு வேலை முடிந்து எழும்பி, குரல்பதிவைக் கேட்டு, நாளைக்குப் பேசலாம் என்று வைத்துவிடுவீர்கள். உங்கள்மேல் குற்றம் இல்லை, தூரம் அப்படி. ஒன்று மட்டும் செய்யுங்கள். ஒரு மாத வாடகையில் பாதி வரைக்கும் யாரையும் கேட்காமல் திருத்திவிட்டு பில்லைப் படம் எடுத்து அனுப்பு என்று மச்சானிடம் சொல்லிவிடுங்கள். வருடத்தில் இரண்டு தரம் அவர் ஏமாற்றினாலும், அழுகிய கூரையைவிட அது மலிவு.

வாடகைக்காரர்களிலும் சிலரை எனக்குத் தெரியும். போகும்போது மின்விசிறியைக் கழற்றிக்கொண்டு போனவர்கள், டைல்சில் ஆணி அடித்துச் சாமிப்படம் மாட்டியவர்கள், தண்ணீர் பில் நிலுவையை வீட்டுக்காரர் பெயரிலே விட்டுவிட்டு இரவோடு இரவாக மாறியவர்கள். உங்களால்தான் அடுத்து வருபவரிடம் ஆறுமாத முற்பணம் கேட்கிறார்கள். அந்த முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாளில்தான் பழுதெல்லாம் வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் என்பதும் ஊரறிந்தது. திறப்பு வாங்கும் நாளில் ஒவ்வோர் அறையையும், சிங்குக்குக் கீழேயும், சீலிங்கையும் தொலைபேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். பத்து நிமிட வேலை. திகதியோடு இருவரிடமும் கிடக்கும்.

கைகலப்பு வரைக்கும் போய்விட்டால் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த மத்தியஸ்த சபை இருக்கிறது. சட்டத்தரணி இல்லை, கட்டணம் இல்லை. ஊரில் மதிப்புள்ள மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து இருவரும் பேசலாம். சிறிய தொகைப் பிணக்குகள் நீதிமன்றம் போகுமுன் அங்கே போய்த்தான் ஆக வேண்டும்.

இவ்வளவும் எழுதியது ஓர் ஏற்பாட்டைக் கேட்கத்தான். வாடகைத் தாளில் மூன்று வரி சேருங்கள். பழுதைக் கண்ட அன்றே வாடகைக்காரர் எழுத்தில் சொல்ல வேண்டும், வாட்ஸ்அப்பும் எழுத்துதான். கூரை, வயரிங், தண்ணீர், சுவர் என்றால் இத்தனை நாளுக்குள் வீட்டுக்காரர் ஆள் அனுப்ப வேண்டும், தவறினால் வாடகைக்காரர் செய்து பாதி வரை கழிக்கலாம். மூன்றாவது வரி எனக்கு முக்கியம். வாடகை கூட்டும் பேச்சு வருடத்தில் ஒரு குறித்த மாதத்தில் மட்டும், பழுது திருத்திய சாட்டில் கூட்டுவதில்லை. இந்த மூன்றாவது வரி இல்லாவிட்டால் முதல் வரி ஒருநாளும் நடக்காது. பால்மா டின்தான் வைப்போம்.

வீட்டுக்காரர்களுக்கு இது நட்டம் என்று தோன்றலாம். கூட்ட வேண்டிய நேரத்தில் கூட்டுங்கள், யார் வேண்டாம் என்றது? சீமெந்து விலை, சோலைவரி, பாஸ் கூலி எல்லாம் ஏறுவது எங்களுக்கும் தெரியும். கூட்டும் மாதத்தைச் சித்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடம் பிறக்கும்போது வாடகையும் பிறந்துவிட்டுப் போகட்டும்.

கடைசியாக, இந்த மடலை மாத்தளையில் இருந்து படிக்கும் தம்பிக்கு: பால்வால்வு மாற்றிவிட்டோம், சரி. நீங்கள் கட்டிய அந்த இரண்டு மாதத் தண்ணீர் பில் என் கணக்கில். அடுத்த வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் ஏணிக்காரரோடு வருகிறேன், பின்பக்கத்துப் பீலியைப் பார்க்க வேண்டும்.